கையெழுத்துப் போடலாமா, கூடாதா?

2009 நவம்பர்ல அமெரிக்காவுல மன்ஹாட்டன் பிரகடனம்னு ஒண்ணு வந்துச்சு. கருவுல இருக்கற உயிர், ஆண்-பெண் கல்யாணம், மத சுதந்திரம் மூணையும் காப்பாத்தணும்னு இவாஞ்சலிக்கல் (புராட்டஸ்டன்ட்ல ஒரு பிரிவு), கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் ஆளுங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டாங்க.

போட்டவங்க பக்கம் சக் கோல்சன். அதிபர் நிக்சன் பதவியைக் காவு வாங்குன வாட்டர்கேட் ஊழல்ல ஜெயிலுக்குப் போனவர், அப்புறம் இவாஞ்சலிக்கல் தலைவரா ஆனவர், 1994லயே கத்தோலிக்கர்களோட கூட்டறிக்கை விட்டவர். பக்கத்து வீடு எரியும்போது தண்ணி வாளி தூக்கிட்டு வர்றவன்கிட்ட நீ எந்த சபைனு கேப்பீங்களாங்கிற மாதிரிதான் இவங்க வாதம், அதுல நியாயம் இருக்கு.

போடாதவங்க ஜான் மெக்கார்தர், ஆர்.சி.ஸ்ப்ரோல், ரெண்டு பேருமே அமெரிக்க புராட்டஸ்டன்ட் போதகர்கள். அந்த மூணு விஷயத்துலயும் இவங்களுக்கும் அதே கருத்துதான், ஆனா விசுவாசத்தால மட்டுமே மனுஷன் கடவுள் முன்னாடி நீதிமான் ஆகறான்ங்கிற புராட்டஸ்டன்ட் போதனையில கத்தோலிக்க சபையோட இன்னும் ஒத்துப்போகாதப்போ எல்லாரும் ஒரே சுவிசேஷத்தை அறிவிக்கிறோம்ங்கிற மாதிரி எப்படி கையெழுத்துப் போடறதுன்னு கேட்டாங்க.

சேர்ந்து வேலை செய்யறதுக்கும் ஒரே விசுவாசம்னு சொல்றதுக்கும் நடுவுல கோடு எங்க விழுதுன்னு மார்மன் விஷயத்துல நல்லா தெரியும் (மார்மன்ங்கிறது 19-ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச சபை). 2008ல கலிஃபோர்னியாவுல ஓரினத் திருமணத்துக்கு எதிரா மார்மன்களும் கத்தோலிக்கர்களும் ஒண்ணா வேலை செஞ்சாங்க. ஆனா பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேரைச் சொல்லியே தண்ணிக்குள்ள முக்கி எடுத்தாலும் மார்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னு வாடிகன் 2001லயே சொல்லிடுச்சு, ஏன்னா வார்த்தை ஒண்ணுதான், அவங்க நம்புற திரித்துவம் வேற. புராட்டஸ்டன்ட் சபைகள்ல கொடுக்கறத பொதுவா ஏத்துக்குது.

என்னைக் கேட்டா சேர்ந்து வேலை செய்யறது சரிதான், மனசார சொல்றேன், ஆனா அந்தப் பேப்பர்ல சுவிசேஷம்ங்கிற வார்த்தையை மட்டும் தொடாம விட்டிருக்கணும், ஸ்ப்ரோல் சொன்னது அந்த இடத்துல ரொம்ப சரி.