1,740 மணி நேரம் ஓடிய பிறகு: எங்கள் 49 ஹெச்.பி. டிராக்டர்

எங்கள் நிலம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே. முக்கால்வாசி களிமண். சொந்த நிலம் இரண்டு வேலிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 13 ஏக்கர். அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் உழுகிறோம். 22 வருஷம் ஓடிய 35 ஹெச்.பி. டூ வீல் டிரைவ் வண்டியைக் கொடுத்துவிட்டு, 2023 மே மாதம் 49 ஹெச்.பி. ஃபோர் வீல் டிரைவ் எடுத்தோம். இந்தத் தை அறுவடை முடிந்தபோது மீட்டரில் 1,740 மணி. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னதும் பேச்சு எது உசத்தி என்று திரும்பிவிடும். நான் சொல்ல வருவது எந்த நிற வண்டி வாங்கினாலும் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் மஹிந்திரா, ஸ்வராஜ், மாஸி ஃபெர்குசன், ஜான் டியர், நியூ ஹாலந்து, குபோட்டா என்று எல்லா ஷோரூமும் ஏறி இறங்கினோம். அப்பாவுக்கு 55 ஹெச்.பி. மேல் ஆசை. நான்தான் 50-க்குக் கீழே நிற்போம் என்றேன். 2023 ஜனவரி 1 முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. அதற்காக அந்த வண்டிகளில் காமன் ரெயில் இன்ஜின், சென்சார், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்தன. நல்ல தொழில்நுட்பம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நடவு நேரத்தில் வயலில் நின்றுவிட்டால் லேப்டாப்போடு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். 49-ல் பழைய மாதிரி டீசல் பம்ப்தான். ஏர் பிடித்தால் ஃபில்டர் போல்ட்டைத் தளர்த்தி நானே எடுத்துவிடுவேன்.

போர்டில் எழுதியிருக்கும் ஹெச்.பி.யை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது இன்ஜினுடையது. ரோட்டாவேட்டரைச் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) சுற்றுவது பிடிஓ தண்டில், அதாவது பின்னால் மாட்டும் கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டில் வந்து சேரும் சக்தி, அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசுப் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பிடிஓ சக்தி, இழுவை, லிஃப்ட் தூக்கும் எடை எல்லாம் அதில் எண்ணாக இருக்கும். லிஃப்ட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கருவியை மாட்டும் கீழ்க்கம்பிகளின் நுனியில் தூக்கும் எடை வேறு, அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் வைத்து அளந்த எடை வேறு. ஆறடி ரோட்டாவேட்டரின் பாரம் நுனியில் இல்லை, பின்னால் தள்ளித்தான் இருக்கிறது. அதனால் நமக்கு வேண்டியது இரண்டாவது எண். விற்பனைக்காரர் சொல்வது பெரும்பாலும் முதல் எண்.

இவ்வளவு பார்த்தும் நான் சரியாகக் கணக்குப் போடாத ஒன்று உண்டு: வண்டியின் எடை.

பழைய வண்டி 1,800 கிலோவுக்குள் இருந்தது. புதியது 2,300-ஐத் தொடுகிறது. வாங்கும்போது இதைப் பலமாகத்தான் நினைத்தோம். அதற்கு மேல் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, முன்னால் வெயிட்டும் மாட்டிக் கொடுத்தார்கள். 2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து, குறுவைக்குச் சேறடிக்க இறங்கினேன். மூன்றாவது வயலில், போன தை மாதம் செயின் வண்டி (செயினில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம்) அறுத்துவிட்டுப் போன தடத்தில், பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. பழைய வண்டி 22 வருஷமாகப் போய் வந்த அதே வயல்.

நெல்வயலில் சேற்றுக்கு அடியில் ஒரு கெட்டிப் படுகை இருக்கிறது. வருஷக்கணக்காகச் சேறடித்து இறுகியது. தண்ணீரைக் கீழே விடாமல் தாங்குவதும் அதுதான், வண்டியைத் தாங்குவதும் அதுதான். கனமான வண்டி ஒரே இடத்தில் நின்று சக்கரத்தைச் சுற்றினால் அது உடையும். உடைந்த இடத்தில் தண்ணீர் நிற்காது, அடுத்த போகத்தில் வண்டி மறுபடியும் அங்கேயே இறங்கும். அன்று இரவே டயர் தண்ணீரை வெளியேற்றினேன், முன் வெயிட்டைக் கழற்றி ஷெட்டில் போட்டேன், டயரோடு சேர்த்து அரை கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் இருக்கப் போடும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டினேன். அதன் பிறகு இன்றுவரை வண்டி வயலில் சிக்கவில்லை. தண்ணீரும் வெயிட்டும் கோடை உழவுக்கு, சட்டிக் கலப்பைக்கு வேண்டும், அப்போது மாட்டிக்கொள்ளலாம். சேற்றுழவு நிலம் வைத்திருப்பவர்கள் டெலிவரி அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கால் பழக வேண்டியிருந்தது. பழைய வண்டியில் ஒற்றை கிளட்ச். மிதித்தால் வண்டியும் நிற்கும், ரோட்டாவேட்டரும் நிற்கும். இதில் டூயல் கிளட்ச். பாதி மிதித்தால் வண்டி மட்டும் நின்று ரோட்டாவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், முழுக்க மிதித்தால்தான் இரண்டும் நிற்கும். சேற்றில் இது பெரிய வசதி. தாள் கட்டிக்கொண்ட இடத்தில் பாதி மிதித்துக் கொஞ்சம் விட்டால் பிளேடு தானே சுத்தமாகிவிடும். ஆனால் 22 வருஷமாகக் கடைசிவரை மிதித்துப் பழகிய கால் அது. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வரப்புத் திருப்பத்திலும் ரோட்டாவேட்டரை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். எங்கள் டிரைவர் ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அவர் பல வண்டி ஓட்டியவர்.

காதும் அப்படித்தான். பழைய வண்டி முழு ஆக்சிலேட்டரில் கத்தினால்தான் வேலை செய்கிறது என்று மனதில் பதிந்துவிட்டது. இதிலும் கை தானாக லிவரைக் கடைசிவரை இழுத்தது. முதல் 100 மணியில் டீசல் மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் போனது, வாங்கியதே தப்போ என்று கவலைப்பட்டேன். பிடிஓ-வுக்கு வேண்டியது நிமிஷத்துக்கு 540 சுற்று. அதை எக்கானமி பிடிஓ-வில் குறைந்த இன்ஜின் வேகத்திலேயே எடுக்கலாம். இரண்டாவது உழவுக்கும் பரம்புக்கும் அதைப் போட்டு ஓட்டத் தொடங்கினேன். இப்போது சராசரி மணிக்கு ஐந்து லிட்டருக்குள். பழைய வண்டி மூன்றரை லிட்டர்தான் குடித்தது, ஆனால் ஐந்தடி ரோட்டாவேட்டரில் ஏக்கருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஆறடியில் இப்போது ஒரு மணி, ஒன்றேகால் மணி. ஆக, ஏக்கர் கணக்கில் டீசல் கூடவில்லை. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் 45 நாள் தக்கைப்பூண்டை முன்பு இரண்டு ஓட்டு ஓட்டி மடக்குவோம், இப்போது ஒரே ஓட்டில் மடங்கிவிடுகிறது. மிச்சமாவது நேரம். தண்ணீர் வந்த முதல் பத்து நாளில் அந்த நேரம் எவ்வளவு பெரியது என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். 2024-ல் மேட்டூர் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சம்பாவுக்கு ஓடியபோது, வாடகைக்குக் கேட்ட யாருக்கும் நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை.

லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் இரண்டு லிவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று பொசிஷன், இன்னொன்று டிராஃப்ட். ஒன்பது கொத்துக் கலப்பையால் காய்ந்த நிலத்தை உழும்போது டிராஃப்ட் லிவர்தான் சரி. கெட்டி மண் வந்தால் டாப்லிங்க் (கலப்பையைப் பிடிக்கும் மேல்கம்பி) மேல் அழுத்தம் கூடும், அதை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைத் துளி தூக்கிக்கொடுக்கும், வண்டி திணறாது. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் நூறு வருஷத்துக்கு முன் யோசித்த ஏற்பாடு. இன்றைக்கும் எல்லா டிராக்டரும் அதே வழியில்தான் போகிறது. சேற்றில் ரோட்டாவேட்டருக்கு பொசிஷன் போட்டு ஆழத்தை நிறுத்திவிட வேண்டும். பழைய வண்டியில் தூக்கு, இறக்கு என்று ஒரே லிவரை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். டெலிவரி கொடுத்தவரும் இதை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் புரிந்துகொண்டது இரண்டாவது கோடையில்.

பழுது என்று பார்த்தால் பெரியது ஒன்றே ஒன்று. 610 மணியில் வலது முன் சக்கரத்து ஹப்பில் ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது. அந்த நிறம் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்தால் வைக்கோலும் ஒரு நைலான் கயிற்றுத் துண்டும் அச்சில் சுற்றி ஆயில் சீலை அறுத்திருந்தன. வாரண்டி இருந்தும், சீல் தேய்மானப் பொருள், அதற்குக் கிடையாது என்று சர்வீஸில் கையை விரித்தார்கள். ஆள் வரவே ஆறு நாள் ஆனது. அதுவும் தாளடி நடவு நடந்துகொண்டிருந்த நாட்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. செலவைவிட அந்த ஆறு நாள்தான். இப்போது சேற்றிலிருந்து ஏறியதும், கேஜ் வீலைக் கழற்றும் முன், நான்கு ஹப்பிலும் கையை விட்டு வைக்கோலை எடுத்துவிடுகிறோம். இரண்டு செட் சீல் வீட்டிலேயே இருக்கிறது. அந்தத் தொந்தரவு திரும்ப வரவில்லை.

ஃபோர் வீல் டிரைவ் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. தார் ரோட்டில் ஏறியதும் முன் அச்சு லிவரைத் தள்ளி ஃபோர் வீல் டிரைவை நிறுத்திவிடுங்கள். முன் சக்கரம் பின்னதைவிட ஒரு துளி வேகமாகச் சுற்றும்படிதான் அமைத்திருக்கிறார்கள். வயலில் வழுக்கி அது சரியாகிவிடும். ரோட்டில் வழுக்க இடமில்லை, டயர்தான் தேயும். நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு லிவரைப் போட்டபடியே போய் வந்த நாட்களின் அடையாளம் எங்கள் முன் டயரில் அப்படியே தெரிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு இப்போது ஒரு நல்ல விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. நாங்கள் பழைய வரியில் எடுத்தவர்கள். இன்றைக்கு மறுபடி வாங்குவதாக இருந்தால் இதே ஹெச்.பி.யில், இதே ஃபோர் வீல் டிரைவில், எடை 200 கிலோ குறைவான வண்டியைத் தேடுவேன். பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் ஆனி மாதத்தில் எத்தனை மெக்கானிக் வேலையில் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பேன்.

சித்திரையில் கோடை உழவு. அதற்கு முன் முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், ரோட்டாவேட்டருக்குப் புது பிளேடு போட வேண்டும். மூன்றாவது வயலில் இறங்கிய அந்தத் தடத்தில் இரண்டு டிப்பர் களிமண் கொட்டி வைத்திருக்கிறோம். வரும் குறுவைக்கு அதன்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும்.