ஒரு வாரம் தவறினால் பூட்டிக்கொள்ளும் இணையப் படிப்பு

பணிபுரிவோருக்கென்றே வடிவமைக்கப்பட்டதாக விளம்பரம் செய்யப்படும் 12 வாரத் தரவுப் பகுப்பாய்வுப் படிப்பொன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, எட்டாவது வாரத்தில் வெளியேறினேன். பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர் நிதானமாக விளக்குகிறார், எடுத்துக்காட்டுகளும் அலுவலகத்தில் அன்றாடம் கையாளும் கணக்குகளை ஒத்திருக்கின்றன.

கோளாறு, நேரத்தைக் கணக்கிட்ட விதத்தில் இருக்கிறது. வாரத்துக்கு 5 மணி நேரம் போதும் என்கிறது அறிமுகப் பக்கம். அது காணொளிகளின் நீளத்தை மட்டும் கூட்டிய கணக்கு என்பதும், பயிற்சிகளுக்கு அதே அளவு நேரம் மீண்டும் தேவை என்பதும் சேர்ந்த பிறகே தெரிகிறது. வீட்டு வேலைகள் ஓய்ந்த பின் இரவில் அமர்பவர் 40 நிமிடக் காணொளியைப் பாதியில் நிறுத்தினால், மறுநாள் அது முதலிலிருந்து தொடங்குகிறது. ஆறாவது வாரம் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததால் ஓர் ஒப்படைப்பு தவறியது. அடுத்த பாடம் பூட்டிக்கொண்டது. அவகாசம் கேட்டு மூன்று முறை எழுதியும் தானியங்கிப் பதிலே வந்தது. ஆனால், நான் எத்தனை பாடம் பின்தங்கியிருக்கிறேன் என்பதைச் சிவப்பு எழுத்தில் நினைவூட்டும் மின்னஞ்சல் மட்டும், கடன்காரரைப் போல, ஒரு நாளும் தவறாமல் வந்தது.

இடையில் நிற்பவரைச் சோம்பேறி என்பது எளிது. பீன், மெட்ஸ்னர் ஆகிய ஆய்வாளர்கள் 1985-இலேயே, வயது வந்த மாணவர்களைப் படிப்பிலிருந்து பிரிப்பதில் வேலை நேரம், குடும்பப் பொறுப்பு, பணம் போன்ற புறக் காரணங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று எழுதினர். பார்க், சோய் இருவரும் 2009-இல் 147 இணையவழி மாணவர்களிடம் நடத்திய ஆய்விலும், முடித்தவர்களையும் விட்டவர்களையும் வேறுபடுத்தியவற்றில் குடும்பமும் பணியிடமும் தந்த ஆதரவு முக்கியமாக இருந்தது. கட்டணம் கட்டிவிட்டால் ஊக்கம் தானாக வரும் என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. ஹார்வர்டு, எம்ஐடி நிறுவனங்களின் திறந்த இணையப் படிப்புகளில் 2017-18-இல் சான்றிதழுக்குப் பணம் செலுத்தியவர்களில்கூட 46 சதவீதத்தினரே முடித்தனர்.

வெளியேறும்போது வந்த படிவம் காரணம் கேட்டது. ஆர்வம் குறைந்தது, பாடம் கடினம், வேறு படிப்பு கிடைத்தது என்ற மூன்று தெரிவுகளில் என்னுடையது இல்லை.

படிப்பதற்கென்று பணியிடத்திலேயே நேரம் ஒதுக்கித் தரப்படுபவர்கள் இதில் தயங்காமல் சேரலாம். மற்றவர்கள் அவகாசம் கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மனிதர் ஒருவரின் பதில் வந்த பிறகு கட்டணம் செலுத்துவது நல்லது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன், இரண்டும் ஆசிரியருக்கே.