எல்.இ.டி. விளக்குச் சோதனை ஆய்வகம்: ஒளி அளவீட்டில் நிறைவு, மின்காந்தச் சோதனையில் ஏமாற்றம்

நாங்கள் தயாரிக்கும் 50 வாட் ஃபிளட் லைட் ஒன்றை விற்பனைக்கு அனுப்பும் முன் தேவையான சோதனைகள் அனைத்தையும் ஒரே ஆய்வகத்திடம் ஒப்படைத்தோம். சோதனை ஆய்வகங்களின் தகுதிக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்பதே அதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அந்த அங்கீகாரம் ஆய்வகம் முழுமைக்கும் உரியதன்று, அதன் இணைப்புப் பட்டியலில் குறிப்பிட்ட சோதனைகளுக்கு மட்டுமே உரியது என்பதை நாங்கள் தாமதமாகவே புரிந்துகொண்டோம்.

ஒளி அளவீட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. முழு விளக்கின் ஒளியை அளப்பதற்கான எல்.எம்.-79 முறைப்படி 25 டிகிரி செல்சியஸ் சூழலில் விளக்கை எரியவிட்டு, ஒளியும் மின்திறனும் நிலைபெறும் வரை காத்திருந்த பின்னரே அளந்தார்கள். விளக்கினுள் ஒளியை உமிழும் எல்.இ.டி. சிப்பின் தரவுத்தாளைப் பார்த்து 6,000 லுமென் (ஒளியளவின் அலகு) என்று நாங்கள் போட்டிருந்த கணக்கு 5,610 லுமெனாகக் குறைந்தது. சிப் சூடேறுவதாலும் முன்பக்கக் கண்ணாடி ஒளியின் ஒரு பகுதியை விழுங்குவதாலும் முழு விளக்கின் அளவு எப்போதும் குறைந்தே வரும் என்று பொறியாளர் பொறுமையாக விளக்கினார்.

ஆயுட்காலம் பற்றி அவர் சொன்னது அதைவிடப் பயனுள்ளது. எல்.எம்.-80 என்பது காலப்போக்கில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும், சிப்புக்கான சோதனை. குறைந்தது 6,000 மணி நேரம், அதாவது எட்டு மாதங்களுக்கும் மேலாக நடக்கும் அச்சோதனையின் அறிக்கையைச் சிப் தயாரிப்பாளரே தந்துவிடுவதால், அதை நாங்கள் மீண்டும் செய்ய வேண்டியதில்லை என்று கூறித் தமக்கு வரவேண்டிய கட்டணத்தை அவரே தவிர்த்தார். அச்சோதனைத் தரவிலிருந்து ஆயுளைக் கணிக்கும் டி.எம்.-21 கணக்கீட்டில், போதிய மாதிரிகளைச் சோதித்திருந்தாலும், சோதித்த காலத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் ஆயுளைக் குறிப்பிட முடியாது. எனவே 6,000 மணி நேரத் தரவை வைத்து 36,000 மணி நேரம் வரைதான் சொல்லலாம். எங்கள் அட்டைப்பெட்டியில் 50,000 என்று அச்சிட்டிருந்தோம். பிறகு விளக்கினுள் சிப் பலகையோடு ஈயப்பற்று (சால்டர்) வைத்து இணைக்கப்பட்ட புள்ளியில் வெப்ப உணரியைப் பொருத்தி அளந்தபோது 91 டிகிரி காட்டியது. சிப் அறிக்கை 85, 105 ஆகிய இரு வெப்பநிலைகளிலும் இருந்ததால் இடைப்பட்ட 91 டிகிரிக்குரிய மதிப்பைக் கணக்கிட முடிந்தது.

ஐ.இ.சி. 60598 பாதுகாப்புச் சோதனைகளும் ஐ.பி.65 தூசி, நீர்ச் சோதனைகளும் சிக்கலின்றி முடிந்தன.

விளக்கு பிற கருவிகளுக்கு இடையூறு தருகிறதா என்று பார்க்கும் சி.ஐ.எஸ்.பி.ஆர். 15 மின்காந்த இடையூற்றுச் சோதனையில்தான் சேவை சரிந்தது. அச்சோதனை அவர்களின் அங்கீகாரப் பட்டியலிலேயே இல்லை. வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெளியாரிடம் பணியை ஒப்படைத்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து இசைவு பெற வேண்டும் என்று அவர்கள் பெயரில் தாங்கியிருக்கும் 17025 தரமே கூறுகிறது. எங்களுக்கோ அறிக்கையின் முகப்பிலிருந்த வேறொரு முகவரியைப் பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தது. "தேறவில்லை" என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு வரைபடமும் வந்தனவே தவிர, விளக்கம் வரவில்லை. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரைத் திறந்து பார்த்ததில், இடையூற்றை அடக்கும் வடிகட்டிச் சுருளைச் சப்ளையர் சொல்லாமல் கொள்ளாமல் மலிவானதாக மாற்றியிருப்பது தெரிந்தது. அது எங்கள் கவனக்குறைவு. ஆயினும் டிரைவரை மாற்றினால் ஏற்கெனவே தேறிய பாதுகாப்புச் சோதனைகள் சிலவற்றையும் திரும்பச் செய்ய நேரும் என்பதை ஆய்வகம் முதல் நாளிலேயே சொல்லியிருக்கலாம்.

இறுதியில் "சி.இ. சான்றிதழ்" என்ற தலைப்பிட்ட வண்ணத்தாள் ஒன்றையும் தந்தார்கள். இவ்வகை விளக்குகளைப் பொறுத்தவரை சி.இ. என்பது, பொருள் ஐரோப்பிய ஒன்றிய விதிகளுக்கு இணங்குகிறது என்று தயாரிப்பாளர் தம் பொறுப்பில் செய்யும் அறிவிப்பு. ஆய்வகம் அதற்கு ஆதாரமான அறிக்கைகளைத் தரலாமே ஒழிய, அந்தப் பொறுப்பை ஏற்க இயலாது. விவரமறிந்த ஆய்வகம் இப்படியொரு தாளை அச்சிடுவது வருத்தமளிக்கிறது.

அடுத்த மாதிரியின் ஒளி அளவீட்டுக்கு இதே ஆய்வகத்துக்குத்தான் செல்வேன். மின்காந்தச் சோதனைக்கு மட்டும் அதைத் தன் கூரையின் கீழேயே செய்யும் வேறோர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்து, புதிய டிரைவரின் மாதிரி எண்ணையும் உட்புறப் படங்களையும் அறிக்கையில் சேர்க்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.