புல்லியிங் பற்றிப் பெற்றோருக்கான ஆறு வார வகுப்பு: என் அனுபவம்

என் மகளுக்குப் பத்து வயது. சில மாதங்களுக்கு முன்பு, அவளுடைய தண்ணீர் பாட்டில் தினமும் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. கேட்டால் "மறந்துட்டேன்ப்பா" என்பாள். உள்ளே நுழைந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராகக் கழிப்பறைக்கு ஓடுவாள். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. பள்ளிக் கழிப்பறைக்கு அவள் போகும்போதெல்லாம் மூன்று பெண்கள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பட்டப்பெயர் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அங்கே போகாமல் சமாளிக்கத்தான் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள்.

விஷயம் தெரிந்த அன்று நான் செய்தது எல்லாமே தப்பு. "யாரு அது, பேரைச் சொல்லு" என்று கத்தினேன். "நீ ஏன் திருப்பிக் கொடுக்கல?" என்று அவளையே கேட்டேன். அப்புறம் அந்தப் பெண்களில் ஒருத்தியின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். மறுநாள் 'போட்டுக் கொடுக்கிறவள்' என்ற புதுப் பெயரோடு வந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் சொல்லவில்லை. அந்த நிலையில்தான், ஒரு குழந்தைகள் உளவியல் ஆலோசகர் இணையவழியில் நடத்தும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். எங்கள் குழுவில் 14 பெற்றோர்.

முதல் வாரம் எதை புல்லியிங் என்பது, எதைச் சாதாரணச் சண்டை என்பது என்ற பாடம். 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்தவர் டான் ஓல்வேயஸ். சுவீடனில் பிறந்து நார்வேயில் வேலை செய்த உளவியலாளர். அவர் சொன்ன மூன்று அடையாளங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. கேட்பதற்கு ஏட்டுப் பாடம்போல இருந்தாலும் எனக்கு உடனே பயன்பட்டது. "பசங்கன்னா அப்படித்தான் சார், நாளைக்கே சேர்ந்துப்பாங்க" என்று பள்ளியில் சொன்னபோது வாயடைத்து நின்றவன் நான். இப்போது, மூன்று பேர் ஒருத்தியை, ஒரே இடத்தில், வாரக்கணக்காக என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு அந்தப் பதிலைச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

வகுப்பின் உயிர் மூன்றாவது வாரம்தான். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் பெற்றோராகவும் பேசச் சொன்னார்கள். நான் என் மகளாக உட்கார்ந்தேன். எதிரே இருந்த அம்மா நல்லெண்ணத்தோடுதான் கேள்வி கேட்டார்: யார், எப்போது, நீ என்ன செய்தாய், டீச்சரிடம் ஏன் சொல்லவில்லை. நாலாவது கேள்வியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது போலவே இருந்தது. இரண்டாவது சுற்றில் அவர் பேசிய வாக்கியங்கள் மூன்றே மூன்று. "நீ சொன்னது நல்லதாப் போச்சு. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. உன்கிட்ட கேட்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்." மூன்றாவதைக் கேட்டதும், என் மகள் ஏன் பேச்சை நிறுத்தினாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

அன்று இரவே அந்த மூன்று வாக்கியங்களை அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நான்கு நாள் கழித்து, விளக்கை அணைத்த பிறகு இருட்டில், "அப்பா, அந்தப் பட்டப்பேர் என்னன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

நான்காவது வாரம் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியது. கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற ஃபின்லாந்து ஆய்வாளர், கூடச் சேர்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், துணைக்கு வருபவர் என்று அவர்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். புல்லியிங்கைத் தடுக்க ஃபின்லாந்துப் பள்ளிகளில் வந்த கிவா திட்டம் அந்த அடிப்படையில் உருவானது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சக பிள்ளைகள் தலையிட்ட தடவைகளில் 57 சதவீதத்தில் புல்லியிங் பத்து நொடிக்குள் அடங்கியிருக்கிறது. இதைக் கேட்ட பிறகு, யார் செய்தார்கள் என்று துருவுவதை விட்டுவிட்டு, "வகுப்புல உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டேன். ஒரு பெயர் வந்தது. இருவரும் இடைவேளைக்குச் சேர்ந்து போக ஆசிரியை ஏற்பாடு செய்தார்.

பள்ளியோடு பேசுவது பற்றியும் உருப்படியாகவே சொல்லிக் கொடுத்தார்கள். தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார்கள். கழிப்பறைப் பக்கம் எந்தப் பெரியவர் இருப்பார், மறுபடி எந்தத் தேதியில் பேசலாம் என்று இரண்டு கேள்விக்காவது பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள் என்றார்கள். இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொன்னால் மறுத்துவிடச் சொன்னார்கள். பயந்த பிள்ளை அங்கே உண்மையைச் சொல்லாது என்பதுதான் காரணம். எங்கள் பள்ளி அதைத்தான் முதலில் செய்யப் பார்த்தது.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாவது வாரத்தில் செல்போன் வழியாக நடக்கும் தொல்லையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடு, அப்புறம் பிளாக் செய், போனைப் பிடுங்காதே என்பதோடு சரி. போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்ற முக்கியமான விஷயம் போகிற போக்கில் வந்து போனது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இது போதாது. 14 பேரில் அப்பாக்கள் மூன்றே பேர் என்பதும் எனக்கு உறுத்தியது.

கடைசி வாரம், சீண்டுகிற பிள்ளையின் பெற்றோருக்கானது. எனக்கு வேண்டாத பாடம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு அம்மா கேமராவை அணைத்துவிட்டு, "என் பையன்தான் செய்யறான்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. யாரும் அவரைத் திட்டவும் இல்லை. அடிக்காமல், ஆனால் செய்ததை மழுப்பவும் விடாமல் அவனிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்றுநர் நிதானமாகச் சொன்னார். நான் போனில் கத்திய அந்த அப்பாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்று. பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ, வாழப் பிடிக்கவில்லை என்றோ பேசினால் இந்த வகுப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முதல் நாளே பயிற்றுநர் இதைத் தெளிவாகச் சொன்னார், அதனாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. முடிந்தால் கணவன் மனைவி இருவருமே சேருங்கள். நான் மட்டும் சேர்ந்ததால், ஒவ்வொரு வாரமும் கேட்டதை மனைவிக்குத் திரும்பச் சொல்வதில் பாதி விட்டுப்போனது.

பாட்டில் இப்போதும் சில நாள் பாதி நிரம்பியபடி வருகிறது. அந்த நாட்களில் நான் ஒன்றும் கேட்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்கிறேன்.