முதல் மெயின்டனன்ஸ் வேலை: ஆலைக்குள்ளா, சர்வீஸ் அணியிலா, கட்டடப் பராமரிப்பிலா?

மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக வேலை தேடும் பலர் சம்பளத்தையும் பதவிப் பெயரையும் பார்த்துத்தான் முதல் இடத்தை முடிவு செய்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் சரிசெய்த மெஷின் அடுத்த வாரமும், ஆறு மாதம் கழித்தும் உங்கள் கண்ணில் படுமா?

ஆலையின் சொந்த மெயின்டனன்ஸ் அணியில் அது படும், தப்பிக்கவே முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் மோட்டாருக்கு 6309 பேரிங் மாற்றினேன் (கடைசி இரண்டு எண்ணான 09-ஐ 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் கிடைத்துவிடும், இங்கே 45 மி.மீ.). ஹீட்டரில் 110 டிகிரிக்குச் சூடாக்கி, சுத்தமாகத்தான் ஏற்றினேன். நான்கு மாதத்தில் அதே பேரிங் மறுபடியும் கத்த ஆரம்பித்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனபோது மூத்த ஃபிட்டர் ஒருவர், "தம்பி, பேரிங்கை விடு, முதல்ல மோட்டார் காலைப் பாரு" என்றார். நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை மோட்டார் காலில் வைத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, திரும்ப இறுக்கிக்கொண்டே வந்தோம். மூன்று கால்களில் முள் அசையவில்லை, நான்காவதில் 0.20 மி.மீ. துள்ளியது. 0.05-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். அந்தக் கால் தரையில் சரியாக உட்காராமலே போல்ட்டை இறுக்கியிருந்ததால் மோட்டாரின் உடலே முறுக்கிக்கொண்டு, அந்தச் சுமையெல்லாம் பேரிங் மேல் விழுந்திருக்கிறது. காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து, மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று அலைன்மென்ட்டைத் திரும்பப் பார்த்து, பேரிங்கையும் மாற்றினோம். நான் அங்கே இருந்தவரை அது மறுபடி போகவில்லை.

இதே வேலையை வெளியிலிருந்து வந்து செய்திருந்தால், ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன், நான்கு மாதம் கழித்து வேறு யாரோ வந்து இன்னொரு பேரிங்கை மாற்றியிருப்பார்கள், எனக்குத் தெரியவே வந்திருக்காது.

ஆலையில் கஷ்டமும் உண்டு. நைட் ஷிப்ட், லைன் நின்றதும் பின்னால் வந்து நின்றுகொண்டு "எப்போ ஓடும்?" என்று கேட்கிற புரொடக்‌ஷன் ஆட்கள், வருடக்கணக்கில் அதே நான்கைந்து மெஷின்கள். தடுப்புப் பராமரிப்பு செக்லிஸ்ட்டை மெஷின் பக்கமே போகாமல் டிக் அடித்து முடிக்கும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மாட்டினால் ஒரு வருடத்துக்குள் கிளம்பிவிடுங்கள், அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டால் போகாது.

மெஷின் தயாரிப்பாளரின் சர்வீஸ் அணிக்கு வருவோம். டிராயிங், சாஃப்ட்வேர், முறையான பயிற்சி, ஒரே மெஷினைப் பல ஆலைகளில் பல விதமாகக் கெட்டுப்போன நிலையில் பார்க்கும் வாய்ப்பு, இவையெல்லாம் ஆலைக்காரனுக்குக் கிடைப்பது அபூர்வம். ஆனால் புதியவரின் கையில் பெரும்பாலும் மாற்று கார்டுதான் (மெஷினின் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) இருக்கும். கார்டை மாற்றினோம், மெஷின் ஓடியது, ஏன் ஓடியது என்று பார்க்க நேரமில்லை, அடுத்த ஊர். சென்சார் தன் அளவை அனுப்பும் 4-20 மில்லிஆம்பியர் சிக்னலில் பூஜ்ய அளவுக்கு ஏன் 4 வைத்தார்கள், மீட்டர் 0 காட்டினால் வயர் அறுந்திருக்கலாம் என்று ஏன் சந்தேகப்பட வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே கைவந்தவருக்கு சர்வீஸ் வேலை தங்கம். அதனால் என் கணக்கில் இது இரண்டாவது வேலை. ஆலையில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு இங்கே வருகிறவர்கள் வேகமாக மேலே போவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டடப் பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சில்லர், ஏர் ஹேண்ட்லிங் யூனிட், பம்ப், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும், வேலையும் ஓரளவு நிதானமானது. ஆனால் பெரிய வேலை வந்தால் பல இடங்களில் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள். மருத்துவமனையும் டேட்டா சென்டரும் வேறு ரகம். மின்சாரம் ஒரு நொடி போனாலும் விபரீதம் என்பதால் அங்கே யூபிஎஸ், ஜெனரேட்டர், லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் எல்லாவற்றையும் ஆழமாகக் கற்றுத்தான் ஆக வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் தாராளமாகச் சேரலாம்.

எங்கே சேர்ந்தாலும் "நான் மெக்கானிக்கல், பேனலைத் தொட மாட்டேன்" என்று இருந்துவிடாதீர்கள். பம்ப் மோட்டார் ஓவர்லோடில் டிரிப் ஆகிறது, அதாவது கரண்ட் அதிகமாகித் தானாக நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முறையான பயிற்சியும் அனுமதியும் வாங்கிக்கொண்டு மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள். மூன்றும் சமமாக ஏறியிருந்தால் அநேகமாக பம்ப் பக்கம் ஏதோ இறுகியிருக்கிறது, ஒன்றில் கரண்டே இல்லாமல் மற்ற இரண்டும் ஏறியிருந்தால் ஃபியூஸையோ காண்டாக்டரையோ (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) பாருங்கள். ஸ்பானரா ஸ்க்ரூடிரைவரா என்று அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

நேர்காணலில் நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். இரவு 2 மணிக்கு மெஷின் நின்றால் யார் போவார்கள், புதியவர் கூடப் போகலாமா? அப்புறம், நான் மெஷினில் கை வைத்திருக்கும்போது யாரும் ஆன் செய்துவிடாமல் ஐசொலேட்டரில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட எனக்கென்று தனிப் பூட்டு தருவீர்களா, அதன் சாவி என் பையில் மட்டும் இருக்குமா? "பூட்டெல்லாம் எதற்கு, கன்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டுக் கை வைப்போம்" என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் சரி, அங்கே சேராதீர்கள்.