15 லிட்டர் கீசர்: எல்லாம் சரி, அந்த நாப் தவிர

மழைக்காலத் தள்ளுபடியில் இந்த 15 லிட்டர், 2 கிலோவாட், 5 ஸ்டார் கீசரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று புதுச்சேரி நண்பர் கேட்கிறார். அதே மாடல் கடலூரில் சில வருடமாக ஓடுகிறது. காயில் ஒருமுறை மாற்றியாயிற்று. நல்லதைச் சொல்வதற்கு முன் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகான தெர்மோஸ்டாட் நாப்பைக் கம்பெனிக்காரர்கள் கீழ் மூடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பாத்ரூமில் ஆறேழு அடி உயரத்தில் தொங்கும் கீசரின் அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். பட்டாலும் டிகிரி எண் கிடையாது, ஒரு பக்கம் மைனஸ், ஒரு பக்கம் பிளஸ், அவ்வளவுதான். ஃபேக்டரியிலிருந்து வரும்போதே பிளஸ் முனையில் நிற்கிறது. கொதிக்கக் கொதிக்க 75 டிகிரி. பக்கத்திலேயே கரண்ட் டெர்மினல்கள் இருப்பதால் யாரும் கை வைக்கக்கூடாது என்று மூடியிருப்பார்கள், அது நியாயம். அப்படியானால் நாப்பை வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும். பல மாடல்களில் வெளியேதான் இருக்கிறது.

இது அற்ப விஷயம் இல்லை. மார்கழிக் காலையில் மாடி டேங்க் தண்ணீர் 25 டிகிரி பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.35 யூனிட் போதும். கீசரை 50ல் வைத்தாலும் 75ல் வைத்தாலும் உடம்பில் ஊற்றும் சூடு அதேதான். ஆனால் டேங்க் முழுவதையும் 50க்கு ஏற்ற 0.44 யூனிட்டும் 13 நிமிடமும் ஆகும். 75க்கு ஏற்றினால் 0.87 யூனிட், 26 நிமிடம். ஒருவர் ஒரு வாளி குளித்துவிட்டுப் போனால் மிச்சம் அரை யூனிட் டேங்கிலேயே நின்று ஆறும்.

கடையில் எல்லாரும் ஸ்டாரைத்தான் எண்ணுகிறார்கள். கீசரில் ஸ்டார் என்பது சும்மா நிற்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதற்கான மதிப்பு. வெளிக் காற்றுக்கும் தண்ணீருக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது அளப்பது. அட்டையில் 0.4 என்று போட்டிருந்தால், 30 டிகிரி அடிக்கும் நம் ஊரில் தண்ணீரை 75ல் வைத்திருப்பவருக்கு அதே 0.4 யூனிட் தினம் போகும். 50ல் வைத்தால் 0.18தான். ஒரு ஸ்டார் கூடுதலாக வாங்குவதைவிட நாப்பைத் திருப்புவதில் மிச்சம் அதிகம். அந்த நாப்பைத்தான் ஸ்க்ரூ போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

திருப்பும் முறை இது. மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி.யை (டிரிப் சுவிட்சை) அணைக்க வேண்டும். சுவிட்ச் மட்டும் போதாது. கீழ் மூடியைக் கழற்றி நாப்பைக் கால் வட்டம் மைனஸ் பக்கம் திருப்பி, மூடியைப் போட்டுவிட்டு ஓடவிடுங்கள். கீசரில் உள்ள விளக்கு அணைந்ததும் பைப்பில் தங்கிய அரை லிட்டரை விட்டுவிட்டு அடுத்த மக்கில் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 50 வரும்வரை இதே வேலை, ஒவ்வொரு முறையும் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு. கிடைத்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள், மார்க்கர் மை ஈரத்தில் அழிந்துவிடும்.

50ல் 15 லிட்டர் என்றால் முதல் பத்துப் பதினொரு லிட்டர் நல்ல சூடாக வரும், பிறகு வெதுவெதுப்பு. ஒரு வாளிக்குச் சரியாக இருக்கும். அடுத்தவர் எண்ணெய் தேய்த்து, துண்டைத் தேடி எடுத்து வருவதற்குள் மறுபடி ஏறிவிடும்.

கடைசியாகக் குளிப்பவர் உள்ளே போகும்போதே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால், சுடுதண்ணீர் போகப் போகக் கீழே பச்சைத் தண்ணீர் ஏறி, தெர்மோஸ்டாட் உடனே பிடித்துக்கொள்ளும். குளித்து முடித்தவர் தலை துவட்டும்போது யாருக்கும் இல்லாத ஒரு டேங்க் சூடாகிக்கொண்டிருக்கும். அதில் கொஞ்சம் மறுநாளைக்கு மிஞ்சும், முழுதும் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடலூர் பக்கம் இரண்டு மாதக் கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்பின் சலுகை விலையும் கைநழுவும். 498ல் நிற்பதும் 505ல் நிற்பதும் ஒன்றில்லை. புதுச்சேரியில் மாதாமாதம் பில் என்பதால் தப்பு சீக்கிரம் தெரிந்துவிடும். இன்னொன்று, சுவரில் உள்ள சுவிட்சின் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். தண்ணீர் சூடேறுகிறதோ இல்லையோ, அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

லோ வோல்டேஜில் கீசர் அதிக கரண்ட் இழுக்கும் என்பது தவறு. 180 வோல்ட்டில் காயிலின் சக்தி அறுபது சதவீதத்துக்கு இறங்கும், நேரம் கூடும், யூனிட் கூடாது.

உப்பு படிந்தால் பில் ஏறும் என்பதும் பாதிதான் உண்மை. காயில் தண்ணீருக்குள் முங்கியே இருக்கிறது. எவ்வளவு உப்பு ஒட்டினாலும் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். ஆனால் சுண்ணாம்பு ஓட்டுக்குள் மாட்டிய காயில் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் உள்ளேயே வெந்து வெடிக்கும். தெர்மோஸ்டாட் குழாயிலும் ஓடு பிடித்தால் அதற்குத் தண்ணீரின் சூடு தாமதமாகத்தான் தெரியும். 50 என்று வைத்தது 60ல் போய் நிற்கும். கடலோர போர் தண்ணீர் உள்ள வீட்டில் இது வராமல் இருக்காது. ஓடும்போது உள்ளே சிடுசிடு என்று சத்தம் வந்தால் திறந்துவிடுங்கள். 60 டிகிரிக்கு மேல்தான் சுண்ணாம்பு வேகமாகப் படியும் என்பதால் இதிலும் குற்றவாளி அந்த பிளஸ் முனைதான்.

சுத்தம் செய்ய எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் ஆறியபின் இன்லெட் வால்வை மூடி, டேங்கை வடியவிட்டு, அடியில் உள்ள ஃபிளாஞ்ச் (காயிலைத் தாங்கும் தட்டு) போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். காயிலும், டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியம் கம்பியான ஆனோட் ராடும் சேர்ந்து வரும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, காயிலின் உலோகப் பகுதியை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் ஓடு உரியும். கரண்ட் முனைகள் நனையக்கூடாது. டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், காயிலின் செம்பை அரித்துவிடும். மக்னீசியம் ராடு பாதிக்குமேல் கரைந்திருந்தால் புதிது போடுங்கள். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும், அது தீர்ந்தால் அடுத்தது டேங்க்தான். கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். மறுபடி பூட்டியபின் சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச். காலி டேங்கில் போட்டால் சில நிமிடத்தில் காயில் காலி.

சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று கவலைப்படுபவர்களுக்கு: 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஒரு டம்ளர் அளவு விரியும், அது வெளியே வந்தாக வேண்டும். வால்வை அடைப்பது ஆபத்து. சூடேறாத நேரத்திலும் சொட்டினால்தான் வால்வை மாற்ற வேண்டும்.

கடற்காற்றில் 16 ஆம்ப் பிளக் பின்கள் பச்சை பிடிக்கும். பிளக்கைத் தொட்டுப் பார்க்கையில் சுட்டால் சாக்கெட்டோடு மாற்றுங்கள்.

50ல் வைப்பதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல நாள் ஊருக்குப் போய்வந்தால் தேங்கிய வெதுவெதுப்பில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருக வாய்ப்பு இருக்கிறது. முதல் தடவை 60க்கு மேல் ஏற்றி நன்றாக நிற்கவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. அதற்கு மறுபடி ஸ்டூல், மறுபடி ஸ்க்ரூ டிரைவர்.

மற்றபடி குறை சொல்ல முடியாத பொருள். டேங்க் ஒழுகவில்லை, கண்ணாடிப் பூச்சு உப்புக்குத் தாங்குகிறது, ராத்திரி சூடேற்றினால் காலையிலும் வெதுவெதுப்பு இருக்கிறது, காயிலும் கேஸ்கெட்டும் கடலூர் லாரன்ஸ் ரோடு பக்கம் கிடைக்கின்றன. பத்துக்கு எட்டு தாராளமாகப் போடலாம்.

ஆனாலும் வாங்காதீர்கள். ஒரு ஸ்டார் குறைந்தாலும் பரவாயில்லை, நாப் வெளியே டிகிரி எண்ணோடு இருக்கிற மாடலை எடுங்கள். புதுச்சேரி நேரு வீதிக் கடையில் ஷோ பீஸை இறக்கித் தரச் சொல்லி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.