3 ஏக்கரைத் தோண்ட எந்த மாநிலத்தில் என்ன பெர்மிட்?

3 ஏக்கர் நிலம். மரத்தை வெட்டி, மேல்மண்ணை வழித்து, வீடுகள் கட்டப் போகிறார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் அந்த மண் கரைந்து பக்கத்து ஓடையில் போய்ச் சேரும். அமெரிக்காவில் இந்த வேலைக்கு மழைநீர் பெர்மிட் வேண்டும். ஆனால் அந்தப் பெர்மிட் எவ்வளவு கறாரானது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அடித்தளம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். 1972-ன் தூய்மை நீர்ச் சட்டத்தில் 1987-ல் மழைநீரைச் சேர்த்தார்கள். 1990-ல் வந்த விதி 5 ஏக்கரும் அதற்கு மேலும் தோண்டும் சைட்டுகளைப் பிடித்தது. 1999-ல் வந்த அடுத்த விதியால், 2003 மார்ச் முதல் அது 1 ஏக்கராக இறங்கியது. பெரிய லேஅவுட்டின் ஒரு பகுதி என்றால் அரை ஏக்கர் மனைக்கும் விலக்கு இல்லை. மண்ணை எப்படித் தடுக்கப் போகிறோம் என்ற திட்டத்தை எழுதி சைட்டில் வைக்க வேண்டும். சைட்டில் அதை 'ஸ்விப்' என்பார்கள்.

பெரும்பாலான மாநிலங்கள் சொந்தமாகவே பெர்மிட் தருகின்றன. நியூ மெக்சிகோ, நியூ ஹாம்ப்ஷயர், மாசச்சூசெட்ஸ் போன்ற சில இடங்களில் மட்டும் மத்திய சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ-வின் 2022 பெர்மிட் நேரடியாகப் பொருந்தும்.

வித்தியாசத்தைப் பார்க்க நல்ல இடம் டெக்சஸின் எல் பாசோ. அதை ஒட்டியே நியூ மெக்சிகோவின் சன்லண்ட் பார்க் இருக்கிறது. அதே பாலைவன மண், அதே மழை. எல் பாசோவில் 3 ஏக்கர் என்றால் மாநில அரசுக்கு விண்ணப்பமே போட வேண்டாம். ஸ்விப் எழுதி, சைட்டில் அறிவிப்பு ஒட்டி, நீர் நகராட்சி வடிகாலில் விழுமானால் அவர்களுக்கு ஒரு நகல் கொடுத்தால் வேலையைத் தொடங்கலாம். விண்ணப்பம் 5 ஏக்கரிலிருந்துதான். கோட்டைத் தாண்டி சன்லண்ட் பார்க்குக்கு வந்தால் அதே 3 ஏக்கருக்கு விண்ணப்பம் போட்டு 14 நாள் காத்திருக்க வேண்டும்.

சைட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு இரண்டிலும் ஒரே பாணி: வாரம் ஒரு முறை பார்க்கலாம், அல்லது 14 நாளுக்கு ஒரு முறையும் மழைக்குப் பின் 24 மணி நேரத்துக்குள்ளும் பார்க்கலாம். எது மழை என்பதில்தான் வேறுபாடு. ஈபிஏ-வுக்குக் கால் அங்குலம், டெக்சஸுக்கு அரை அங்குலம். வறண்ட பகுதிக்கு இரண்டுமே சலுகை தருகின்றன.

சின்ன கட்டுமானக்காரருக்கு டெக்சஸ் முறை வசதி என்பதை மறுக்க மாட்டேன். என் குறை வேறு. இந்த இரண்டு முறையிலும் சைட்டைப் பார்க்கிறார்கள், வெளியே ஓடும் மழைநீர் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று பெரும்பாலும் அளப்பதில்லை. சில்ட் ஃபென்ஸை, அதாவது மண்ணை மறிக்கச் சைட்டின் ஓரத்தில் கட்டும் துணி வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். துணியின் அடிப்பகுதியைச் சுமார் 15 செ.மீ. பள்ளத்தில் இறக்கி மண் போட்டு இறுக்க வேண்டும். குச்சியை மட்டும் அடித்து விட்டுவிட்டால் வேலி பார்க்க நேராக, அழகாக நிற்கும், சேறு அடியில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கும். படிவத்தில் 'ஃபென்ஸ் இருக்கிறது' என்று டிக் விழும்.

வாஷிங்டன் மாநிலம் இங்கேதான் எனக்குப் பிடிக்கிறது. மழைநீர் வெளியேறும் வாரத்தில் ஒரு தடவையாவது அந்த நீரை அளந்தாக வேண்டும். 5 ஏக்கருக்குக் குறைந்த சைட்டுக்குப் பெரிய கருவிகூட வேண்டாம், ஒரு கண்ணாடி போன்ற நீளக் குழாய் போதும். ஓடி வரும் நீரை அதில் நிரப்பி, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அடியில் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்று இருக்கும். அது தெரியாவிட்டால், தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாக நீரைத் திறந்துவிட வேண்டும். 33 செ.மீ. நீருக்கு அடியிலும் தட்டு தெரிந்தால் சரி. நீரின் கலங்கலை அளக்கும் அலகான என்டியு-வில் அது 25. 6 செ.மீ.க்கு இறங்கினால்தான் தெரிகிறது என்றால் 250-ஐத் தொட்டுவிட்டது; 24 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். சால்மன் மீன் கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் ஆறுகள் அவை. நுண்ணிய வண்டல் படிந்தால் முட்டை மூச்சு முட்டிச் சாகும்.

வேலை நிறுத்திய மண்ணை மூடுவதிலும் இவர்கள் கறார். காஸ்கேட் மலைக்கு மேற்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, தொடாமல் கிடக்கும் மண்ணை 2 நாளுக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. கோடையில் 7 நாள். ஈபிஏ பெர்மிட்டில் 14 நாள் வேலை நிற்கப் போகிறது என்றால்தான் மூடும் கடமையே தொடங்கும். மழைக்காலத்தையும் வெயில்காலத்தையும் பிரித்துப் பார்க்கும் விதியை மண்ணைத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே அவசரத்துக்கு இடமில்லை: பெர்மிட் கிடைப்பதற்கு முன் நாளிதழில் இரண்டு வாரம் விளம்பரம், பிறகு மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள்.

கலிபோர்னியா இன்னொரு வழியில் போகிறது. 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள அவர்களுடைய பெர்மிட், வழக்கமான சைட்டுகளை அபாய நிலை 1, 2, 3 என்று பிரிக்கிறது. மழையின் அரிக்கும் வேகம், மண்ணின் தன்மை, சரிவு ஆகியவற்றை வைத்து ஏக்கருக்கு எத்தனை டன் மண் போகும் என்று கணக்கிடுவார்கள். 15 டன்னுக்குக் கீழே குறைவு, 75-ஐத் தொட்டால் அதிகம். நீர் போய்ச் சேரும் ஓடை எவ்வளவு நொய்ந்தது என்பதையும் இதோடு சேர்ப்பார்கள். நிலை 1-க்கு வழக்கமாகக் கண்ணால் பார்த்தால் போதும். 2, 3-க்கு மாதிரி எடுக்க வேண்டும். 250 என்டியு தாண்டினால் நடவடிக்கை.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கணக்கில் வேலை நடக்கும் தேதிகளும் சேரும். மண் வேலையை டிசம்பரிலிருந்து ஜூனுக்குத் தள்ளினால் அரிப்பு எண் சட்டென்று இறங்கும், அபாய நிலையே மாறலாம். குறை என்னவென்றால், திட்டம் எழுத ஒரு சான்று பெற்றவர், சைட்டில் நடத்த இன்னொரு சான்று பெற்றவர் என்று ஆகிறது. 3 ஏக்கர்காரருக்கு இந்தச் செலவு கனமானது.

என்னைக் கேட்டால், எந்தப் பெர்மிட்டிலும் முதலில் சேர்க்க வேண்டியது வாஷிங்டனின் குழாயைத்தான். டெக்சஸ் தன் 3 ஏக்கர்காரரிடம் விண்ணப்பம் கேட்காமலே இருக்கட்டும். மழை முடிந்து சைட்டைச் சுற்றிப் பார்க்கும்போது, வடிகால் வாயில் ஒரு குழாய் நீரைப் பிடித்து எத்தனை செ.மீ. தெரிகிறது என்று ஸ்விப்பில் எழுதச் சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலை.